எண் 618: மணமகன்

மடிக்கேரி
18 செப்டம்பர் 2019

திருமதி நீலவ்வா அவர்களுக்கு,

இந்தக் கடிதத்தில் நான்கு விஷயங்கள் எழுதுகிறேன்.

1. நான் யார்.
2. உங்கள் மனு என்னிடம் வந்த விதம்.
3. படம் எண் 618 பற்றி என் முடிவு.
4. அந்த முடிவால் உங்களுக்கு வரக்கூடிய சங்கடம்.

ஒன்று. என் பெயர் குயிலண்ட பூணச்சா. கல்லூரி நூலகராக முப்பத்தொரு வருடம் இருந்து ஓய்வுபெற்றவன். வயது எழுபத்தாறு. பல்கலைக்கழக நூலகம் நம் குடகின் பழைய புகைப்படங்கள் 2,114-ஐ இணையத்தில் ஏற்றியிருக்கிறது. படம் தெளிவாக இருக்கிறதா, கீழே எழுதிய விவரம் சரியா, தேடினால் கிடைக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து மதிப்பீட்டு அறிக்கை தரும் வேலை எனக்கு வந்திருக்கிறது. இதற்கு நான் தகுதியானவனா என்று தெரியவில்லை. நூலகத்தார் கேட்ட மற்ற இருவரும் மறுத்துவிட்டார்கள் என்பது மட்டும் தெரியும்.

இரண்டு. 618-க்குக் கீழே 'கொடவ மணமகன், தாயுடன், சுமார் 1920' என்று இருக்கிறது. முகச் சாயலை வைத்து, அவர் உங்கள் தாத்தா கெச்சமாட குட்டய்யா என்றும், கெச்சமாட குடும்பத்தின் பூர்வீக வீடான ஐன்மனை முற்றத்தில் அவருடைய கல்யாணத்தன்று எடுத்தது என்றும் சான்று தரும்படி நீங்கள் நூலகத்துக்கு எழுதியிருந்தீர்கள். அதை எனக்கு அனுப்பிவிட்டார்கள். காரணத்தையும் எழுதியிருந்தீர்கள். உங்கள் அண்ணன் மொண்ணப்பா படுத்த படுக்கையாக இருக்கிறார். குடும்பத் தலைவர் உத்தய்யாவோ, 'குட்டய்யா கல்யாணம் ஆகாமலே முதல் உலகப் போரில் பாஸ்ரா சண்டைக்குப் போய் அங்கேயே செத்தவர், உங்கள் அப்பா அவர் பிள்ளையே இல்லை, ஆகவே மொண்ணப்பாவுக்குக் குடும்ப இடுகாட்டில் இடமில்லை' என்கிறார். இதைப் படித்த அன்று நான் வேறு படம் எதையும் பார்க்கவில்லை.

மூன்று. நம் ஆண்கள் பீச்சேகத்தி என்ற குறுவாளை இடுப்பில் கட்டும் பட்டுக் கச்சையில் வலப்பக்கம் செருகுவார்கள். 618-இல் கத்தி இடப்பக்கம் இருக்கிறது. பழைய படங்கள் கண்ணாடித் தகடுகளில் உள்ளவை. தகட்டைப் புரட்டி வைத்து ஸ்கேன் எடுத்தால் இடம் வலமாகிவிடும். இப்படிப் புரண்ட படங்கள் இந்தத் தொகுப்பில் முப்பத்தேழு கண்டுபிடித்தேன். கடைப் பலகைகளின் எழுத்து இடவலம் மாறி இருப்பதால் அவை தெரிந்தன. 618 முப்பத்தெட்டாவது. அதைச் சரியாகத் திருப்பினால், பின்னால் இருக்கும் தூணில் உள்ள குண்டு பட்ட குழி வலக்கோடித் தூணுக்குப் போய்விடுகிறது. உங்கள் ஐன்மனையில் குழி இடக்கோடித் தூணில் இருப்பதாக நூலக ஆலோசனைக் குழுவில் இருக்கும் உத்தய்யா எழுதிக் கொடுத்திருக்கிறார். ஆகவே படத்தில் இருப்பது உங்கள் வீடு இல்லை.

நான்கு. சங்கடத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. வருந்துகிறேன். தொலைபேசியில் பேச விரும்பினால் எண் கீழே.

பூணச்சா


விராஜ்பேட்டை
24 செப்டம்பர்

பூணச்சண்ணாவுக்கு,

வயசுல மூத்தவர், அண்ணான்னுதான் கூப்பிடுவேன். நீங்க நாலு நம்பர் போட்டு எழுதுனீங்க. நான் போடல. கோவத்துக்கு நம்பர் கிடையாது.

போன் வேண்டாம். போன்ல சொன்னதை நாளைக்கு நான் அப்படிச் சொல்லவே இல்லைன்னு சொல்லலாம். பேப்பர்லயே வாங்க.

உங்க லெட்டர் வர்றதுக்கு முந்தின நாளே உத்தய்யா மாமா வீட்டுக்கு வந்துட்டார், உங்க அறிக்கையோட நகலை மடிச்சு பாக்கெட்ல வச்சுக்கிட்டு. அண்ணன் கட்டில் பக்கத்துல உக்காந்து, அவன் காதுல விழற மாதிரியே சொன்னார்: "பாத்தியா நீலவ்வா, படிச்சவங்களே சொல்லிட்டாங்க. அது நம்ம வீடே இல்ல."

"தூணைத் திருப்பி வச்சா வீடு மாறிடுமா மாமா?"

"உனக்கு வாய் மட்டும் குறையவே இல்ல."

"வாய்தான் மிச்சம். இடம்தான் இல்லைன்னுட்டீங்களே."

போட்ட காப்பியைக் குடிக்காமப் போயிட்டார். அதை நானே குடிச்சேன்.

அண்ணன் பதினெட்டு வருஷம் பட்டாளத்துல இருந்தவன். ஹவில்தார். அவன் கேக்குறது ஆறடி மண்ணு. எங்கப்பாவுக்கும் இதையேதான் சொல்லி, இடம் தராம, கடைசியில அம்மா ஊர்ல காப்பித் தோட்டத்து ஓரமா வச்சோம். அண்ணனுக்கு அப்போ பதினொண்ணு. எனக்கு மூணு. "நான் அங்க போகமாட்டேன், என் வீட்டு ஆளுங்களோடதான் படுப்பேன்"னு அவன் அப்ப இருந்தே சொல்லிட்டிருக்கான். நான் அவனை அங்கதான் வைப்பேன். இதுல மாத்தம் இல்ல. உங்க அறிக்கையில என்ன வேணா எழுதிக்கோங்க.

ராணுவ ஆஸ்பத்திரியில இருபத்தெட்டு வருஷம் நர்ஸா இருந்தவ நான். டாக்டர் எக்ஸ்ரே பாக்காம காலை வெட்டப் போனா கையைப் புடிப்பேன். உங்களை ஒண்ணே ஒண்ணு கேக்குறேன், ஒரே வார்த்தையில பதில் எழுதுங்க. அந்தப் படத்தோட கண்ணாடியை நீங்க கையில எடுத்துப் பாத்தீங்களா?

நீலவ்வா


மடிக்கேரி
1 அக்டோபர்

நீலவ்வா அவர்களுக்கு,

இல்லை.

ஒரே வார்த்தையோடு நிறுத்தச் சொன்னீர்கள். என்னால் முடியவில்லை. மன்னிக்கவும். தகடுகள் பல்கலைக்கழகத்தில் குளிரூட்டிய அறையில் இருக்கின்றன. பேருந்தில் நான்கு மணி நேரம். தொடுவதற்கு எழுத்து மூலம் அனுமதி வேண்டும். 2,114 படங்களையும் என் வீட்டுக் கணினித் திரையில்தான் பார்த்தேன். முப்பத்தேழு படங்களில் என் ஊகம் சரியாக இருந்ததால் முப்பத்தெட்டாவதிலும் சரியாக இருக்கும் என்று எடுத்துக்கொண்டேன். எதையும் இரண்டு தடவை எண்ணுகிறவன் நான். இதில் மட்டும் எண்ணவில்லை.

அனுமதிக்கு எழுதிவிட்டேன். ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஸ்கேன் சரி என்றே வைத்துக்கொண்டால், மணக்கோலத்தில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் கத்தியை ஏன் இடப்பக்கம் செருகுகிறார்? வெள்ளைக் குப்யா அங்கி, தலைப்பாகை, பட்டுக் கச்சை எல்லாம் ஒழுங்காக இருக்கும்போது கத்தியில் மட்டும் யார் தவறு செய்வார்கள்? இதற்கு எனக்கு விடை தெரியாதவரை அறிக்கையை மாற்ற முடியாது. உங்கள் மேல் உள்ள மரியாதைக்காகக் கூட முடியாது.

அண்ணன் எப்படி இருக்கிறார்?

பூணச்சா


விராஜ்பேட்டை
19 அக்டோபர்

அண்ணா,

'இல்லை'ன்னு எழுத ஒரு தைரியம் வேணும். அதுக்கு ஒரு மார்க் போட்டேன். மீதியை நீங்களே அடுத்த பாராவுல கழிச்சுட்டீங்க.

உங்க கேள்வியை அண்ணன்கிட்டயே கேட்டேன். பக்கவாதம் வந்ததுல இருந்து அவன் பேச்சு குழறும், பாதி எனக்கு மட்டும்தான் புரியும். படத்தைப் பெருசு பண்ணிக் காட்டுனேன். "இவர் ஏன்டா கத்தியை இந்தப் பக்கம் வச்சிருக்கார்?" ரொம்ப நேரம் பாத்தான். அப்புறம் என் கையை எடுத்து அவன் இடுப்புல இடப்பக்கம் வச்சு, "அப்பா"ன்னான்.

"இது அப்பா இல்லடா, தாத்தா."

"அப்பாவுக்கும் இப்படித்தான்"ன்னான்.

கொஞ்சம் கொஞ்சமாக் கேட்டு வாங்குனேன். அப்பா செத்தப்போ தாத்தாவோட பொண்டாட்டி, எங்கப்பாவைப் பெத்தவங்க, கிட்ட இவனைத் தவிர யாரையும் விடாம அவங்களே கட்டி விட்டாங்களாம். குப்யா மடிப்பை மாத்திக் கட்டி, கத்தியை இடப்பக்கம் செருகி, நாற்காலியில உக்கார வச்சு. "கெச்சமாட வீட்டுல போறவனுக்கு எல்லாம் மாத்தித்தான். இருக்குறவனுக்குத்தான் வலப்பக்கம்"னு சொன்னாங்களாம். மத்த வீடுகள்ல எப்படின்னு எனக்குத் தெரியாது. உங்க வீட்டுலயும் இந்த வழக்கம் இல்லபோல, இருந்திருந்தா நீங்க கேட்டிருக்கமாட்டீங்க. ஆனா வெள்ளைக் குப்யா மாப்பிள்ளைக்கும் உண்டு, பிணத்துக்கும் உண்டு. அது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ரெண்டு பேருக்கும் தோணல.

தாத்தா அங்க மாப்பிள்ளையா உக்காரல அண்ணா. செத்து உக்காந்திருக்கார்.

இணையத்துல இருந்து இறக்குன அதை மூணு வருஷமா பிரேம் போட்டுக் கூடத்துல மாட்டி, வர்றவங்ககிட்டல்லாம் 'தாத்தா கல்யாணம்'னு காட்டிட்டிருக்கேன். பல்லு கட்டுற டாக்டர் ஒருத்தர் 'களையான முகம்'னு சொல்லிட்டுப் போனார். சிரிச்சேன். அப்புறம் கழட்டி வச்சேன். அப்புறம் மறுபடி மாட்டிட்டேன்.

இப்போ யோசிங்க. பாஸ்ராவுலயே செத்தவர் கெச்சமாட முற்றத்துல எப்படி உக்காருவார்? திரும்பி வந்துதான் செத்திருக்கார். பக்கத்துல அவர் கையைப் புடிச்சுட்டு நிக்குறது 'தாய்' இல்ல. எங்க வீட்டுல போனவன் கையைப் பொண்டாட்டிதான் புடிக்கணும்னும் அண்ணன் சொல்றான். அந்த அம்மா முக்காடு போட்டிருக்காங்க, உங்க ஆளுங்க முகத்தைப் பாக்காமலே தாய்னு எழுதிட்டாங்க.

போய் கண்ணாடியைப் பாருங்க.

நீலவ்வா


மடிக்கேரி
9 நவம்பர்

அன்புள்ள தங்கை நீலவ்வாவுக்கு,

போனேன். பார்த்தேன்.

கண்ணாடித் தகட்டில் ஒரு பக்கம் பளபளப்பாக இருக்கும், மறுபக்கம் மருந்து பூசி மங்கலாக இருக்கும். பளபளப்பான பக்கத்திலிருந்து பார்த்தால் தெரிவதே உண்மையான இடம் வலம். உறை போட்ட கையில் எடுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தேன். அங்கிருந்த ஊழியர் தகட்டுக்குக் கீழே தன் கையையும் வைத்துக்கொண்டார். ஸ்கேன் சரியாகவே இருக்கிறது. கத்தி இடப்பக்கம். குழியும் இடக்கோடித் தூணில். அது உங்கள் ஐன்மனை.

பிறகு பூதக்கண்ணாடி வைத்து முகத்தைப் பார்த்தேன். கண்கள் இரண்டும் பென்சிலால் வரைந்தவை. மருந்து பூசிய பக்கத்தில் கோடுகள் மேடாகத் தெரிகின்றன. மூடிய இமைமேல் புகைப்படக்காரர் கண் வரைந்திருக்கிறார். திரையில் இரண்டு மாதம் பார்த்தும் எனக்கு இது தெரியவில்லை. வெளியே வந்து தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பப் போய் இன்னொரு முறை பார்த்தேன். உங்கள் அண்ணன் சொன்னது சரி.

அன்றே தொகுப்பின் பொறுப்பாளர் டாக்டர் வினுதாவிடம் சொன்னேன். என்னிடம் படித்தவர் இல்லை, ஆனால் என்னை மரியாதையாகவே நடத்துவார்.

"சார், அறிக்கை அச்சுக்குப் போயாச்சு. இரண்டாயிரம் படத்துல ஒரு படம்."

"அந்த ஒரு படத்தை நம்பித்தான் ஒருவர் படுத்திருக்கிறார் அம்மா."

"அது அவங்க குடும்ப விவகாரம் சார். உத்தய்யா சார் முந்நூறு படம் தந்தவர். அவர் வருத்தப்பட்டு எல்லாத்தையும் திருப்பிக் கேட்டா நான் என்ன பண்ணட்டும்? நீங்க நிதானமா யோசிச்சுச் சொல்லுங்க."

நான் உடனே நறுக்கென்று பதில் சொன்னேன் என்று எழுத ஆசை. அப்படி நடக்கவில்லை. "யோசித்துச் சொல்கிறேன்" என்றேன். நான்கு மணி நேரம் பேருந்தில் யோசித்தேன். குஷால்நகர் தாண்டும்போது பயம் போகவில்லை, ஆனால் முடிவு வந்துவிட்டது. நான் நிதானம் என்று பெயர் வைத்திருந்தது பெரும்பாலும் பயத்துக்குத்தான் என்றும் தோன்றியது.

இப்போது மூன்று:

1. 618 பற்றிய திருத்தத்தைத் தனிக் காகிதத்தில் எழுதி, கையெழுத்திட்டு நூலகத்துக்கு அனுப்பியிருக்கிறேன்.
2. அவர்கள் முத்திரையோடு ஏற்றுக்கொண்டால்தான் உத்தய்யா முன்னால் அது நிற்கும். அதற்காக விடாமல் கேட்பேன்.
3. அந்தக் காகிதம் கையில் வரும்வரை, என்ன நடந்தாலும், இடுகாட்டுக்குள் போகாதீர்கள். ஆதாரம் இல்லாமல் போனால் அத்துமீறல் என்பார்கள். இருக்கும் நியாயமும் போய்விடும்.

பூணச்சா


விராஜ்பேட்டை
15 நவம்பர்

அண்ணா,

உங்க மூணாவதை அண்ணனுக்குப் படிச்சுக் காட்டுனேன். "காகிதம் வர்ற வரைக்கும் சாகாம இரு"ன்னு சொல்லிட்டேன். பட்டாளத்துக்காரன், உத்தரவுன்னா கேப்பான்னு பாக்குறேன். வாயோட ஒரு பக்கத்தால சிரிச்சான்.

பென்சில் கண்ணு விஷயத்தை அவன்கிட்ட சொல்லல.

உங்களை பயந்தாங்கொள்ளின்னு நினைச்சேன். இப்பவும் அப்படித்தான் நினைக்குறேன். ஆனா பயந்துக்கிட்டே வேலையைச் செய்யற ஆளுங்களை நான் ஆஸ்பத்திரியில பாத்திருக்கேன். அவங்க வார்டுலதான் நோயாளி பொழைப்பான்.

உத்தய்யா மாமா இடுகாட்டு வாசலுக்குப் புதுப் பூட்டு வாங்கிப் போட்டிருக்காராம். பால்காரர் சொன்னார். இத்தனை வருஷம் அங்க பூட்டே கிடையாது. என்னை நினைச்சு ஒருத்தர் பூட்டு வாங்குறார்னா எனக்குக் கொஞ்சம் பெருமையாத்தான் இருக்கு.

நீலவ்வா


மடிக்கேரி
2 டிசம்பர்

தங்கைக்கு,

நூலகத்திலிருந்து பதில் வந்துவிட்டது. என் திருத்தத்தை ஏற்கவில்லை. 'குடும்பங்களுக்கிடையிலான தகராறுகளில் நூலகம் கருத்துச் சொல்வதில்லை.' என் முதல் முடிவு மட்டும் கருத்து இல்லையாம். திருத்தத்தை வற்புறுத்தினால் அறிக்கையிலிருந்து என் பெயரை எடுத்துவிட நேரும் என்று டாக்டர் வினுதா எழுதியிருக்கிறார். எடுத்துவிடுங்கள் என்று பதில் போட்டேன். அந்த ஒரு வரியை எழுத எனக்கு ஒரு காலைப்பொழுது ஆனது. அனுப்பிய பிறகு வாசலில் போய் நின்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் ஆகவில்லை.

வேறு இரண்டு காரியமும் செய்தேன். திருத்தத்தைப் பதினாறு நகல் எடுத்துக் கெச்சமாட குடும்பத்தின் பதினைந்து வீடுகளுக்கும், பதினாறாவதை உத்தய்யாவுக்கும் பதிவுத் தபாலில் அனுப்பினேன். கடைசியில் என் பெயரும் முகவரியும் இருக்கின்றன. கேள்வி இருந்தால் நேரில் வரலாம் என்றும் எழுதினேன். யாராவது வந்தால் என்ன செய்வேன் என்று தெரியவில்லை.

இன்னொன்று. அந்த இணையதளத்தில் ஒவ்வொரு படத்துக்கும் கீழே பிழை இருந்தால் தெரிவிக்க ஒரு பெட்டி வைத்திருக்கிறார்கள். என் அறிக்கையில் அதைப் பாராட்டி எழுதியிருந்தேன். நவம்பர் 25 முதல் தினமும் காலை காப்பி குடித்ததும் 618-க்குக் கீழே 'இவர் மணமகன் அல்ல' என்று பதிகிறேன். தேதியும் வரிசை எண்ணும் போடுகிறேன். இன்று எட்டு.

முத்திரை வைத்த காகிதம் இன்னும் இல்லை. அதனால் மூன்றாவதை மறக்க வேண்டாம்.

பூணச்சா


விராஜ்பேட்டை
11 டிசம்பர்

அண்ணா,

அண்ணன் போயிட்டான். ஏழாம் தேதி விடியறப்போ. கஷ்டப்படல, நான் பக்கத்துல இருந்தேன்.

நடந்ததை வரிசையா எழுதுறேன், உங்களுக்கு அப்படித்தான் புடிக்கும்.

முற்றத்துல நின்னு நானே துப்பாக்கியை எடுத்து ரெண்டு வெடி போட்டேன். ஊருக்குச் சேதி சொல்றது ஆம்பளைங்க வேலைன்னு பக்கத்து வீட்டுக்காரர் ஓடி வந்தார். "ரெண்டும் போட்டாச்சு, நீங்க காப்பி குடிங்க"ன்னேன்.

அப்புறம் கதவைச் சாத்திக்கிட்டு நான் ஒருத்தியே அவனைக் குளிப்பாட்டிக் கட்டுனேன். எத்தனை பேருக்குச் செஞ்ச கை இது. வெள்ளைக் குப்யா. மடிப்பு மாத்தி. கத்தி இடப்பக்கம். நாற்காலியில உக்கார வச்சு, நாற்காலியோட ஜீப்ல ஏத்துனோம். உங்க மூணாவது நம்பர் ஞாபகம் இருந்துச்சு. அதை வீட்டுலயே வச்சுட்டுக் கிளம்பிட்டேன்.

இடுகாட்டு வாசல்ல பூட்டு. பூட்டுக்கு முன்னால உத்தய்யா மாமா. பின்னால இருபது முப்பது பேர், பாதிப் பேர் கையில உங்க பேப்பர். யாரும் அதைப் பிரிக்கல. கையில மடிச்சு வச்சுக்கிட்டு என்னையே பாத்துட்டு நிக்குறாங்க.

"நீலவ்வா, வண்டியைத் திருப்பு"ன்னார்.

"திருப்பிப் போட்டது போதும் மாமா. உங்களுக்கும் அந்த நூலகத்துக்கும் அதே வேலையாப் போச்சு."

"சான்று எங்க?"

"உக்காந்திருக்கான், பாருங்க."

ஜீப்போட பின்கதவைத் திறந்து விட்டேன். மாமாவோட சம்சாரம் பொள்ளவ்வா மாமி கிட்ட வந்தாங்க. எண்பத்தி மூணு வயசு, குச்சி ஊனித்தான் நடை. அண்ணன் முகத்தைப் பாக்கல. இடுப்பைப் பாத்தாங்க.

"யாரு கட்டுனா இதை?"

"நான்தான் மாமி."

"உனக்கு யாரு சொல்லிக் குடுத்தா? இது இந்த வீட்டுக்குள்ள கதவைச் சாத்திட்டுச் செய்யறதாச்சே. நான் மருமகளா வந்து என் மாமனார் போனப்பதான் முதல்ல பாத்தேன்."

"எங்கப்பாவுக்கு அவங்கம்மா இப்படிக் கட்டுனதை இவன் பதினோரு வயசுல பாத்தான். அவங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்திருப்பா மாமி? இந்த வீட்டுல வாழாமலா தெரிஞ்சிருக்கும்?"

மாமி திரும்பி மாமாவைப் பாத்தாங்க. "சாவியைக் குடுங்க." அவர் குடுக்கல. "அப்போ நான் நாளைக்குப் போனா என்னையும் வெளியில வைங்க"ன்னாங்க. எல்லார் முன்னாலயும், சத்தமே போடாம.

சாவியை மதில் மேல வச்சுட்டுப் போயிட்டார். என் கையில தரல. பரவாயில்ல, எனக்கு மதில் எட்டும்.

மூணாவது வரிசையில, பலா மரத்துக்குக் கிழக்கே வச்சோம். குடும்ப ஏட்டுல பேரை ஏத்தமாட்டேன்னு சொல்லி அனுப்பியிருக்கார். அதுக்கு வேற ஒரு நாள் போறேன். அவன் கேட்டது மண்ணு. அது கிடைச்சாச்சு.

நீலவ்வா


மடிக்கேரி
17 டிசம்பர்

அன்புத் தங்கைக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மொண்ணப்பாவை நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. அவர் இடுப்பைக் காட்டிச் சொல்லியிராவிட்டால் நான் இன்றும் தவறாகவே இருந்திருப்பேன். அதை அவரிடம் எழுதியாவது சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு கடிதத்திலும் எழுத நினைத்து, பொருத்தமாக இருக்குமா என்று தயங்கி விட்டுவிட்டேன்.

அறிக்கை என் பெயர் இல்லாமல் வெளிவந்துவிட்டது. 618-க்குக் கீழே இன்னும் 'மணமகன், தாயுடன்' என்றே இருக்கிறது. இன்று காலை இருபத்துமூன்றாவது முறை பதிந்தேன். நேற்று டாக்டர் வினுதா தொலைபேசியில், "சார், எவ்வளவு நாளைக்கு?" என்று கேட்டார். "எனக்கு எழுபத்தாறு வயது அம்மா, காலையில் வேறு வேலை இல்லை" என்றேன். இந்த முறை யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லவில்லை.

நீங்கள் ஏட்டுக்காகப் போகும் நாளைத் தெரிவியுங்கள். நானும் வருகிறேன். உத்தய்யா முன்னால் எனக்குப் பேச்சு வராமல் போகலாம். பக்கத்தில் நிற்பேன்.

ஒன்று பாக்கி இருக்கிறது. நவம்பர் 9-ஆம் தேதிக் கடிதத்தில் மூன்று எழுதியிருந்தேன். முதலாவதைச் செய்தேன். இரண்டாவது நடக்கவில்லை. மூன்றாவது, ஆதாரம் கையில் வரும்வரை இடுகாட்டுக்குள் போகாதீர்கள் என்பது.

அது தவறு.

பூணச்சா